பதினேழாம் இலக்கத்தின் குரல்

போன மாதம் எங்கள் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் இளைப்பாறி மூன்று வருடத்துக்குப் பிறகு அங்கிருந்து வந்த முதல் கடிதம் என்பதால், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தேன். ஆய்வுக்காகப் பேட்டி கொடுப்பவர்களிடம் வாங்கும் சம்மதப் பத்திரத்தைத் திருத்துகிறார்களாம். 'நான் இறந்துபோனால் என் குரலைக் கேட்க இன்னாருக்கு அனுமதி உண்டு' என்று புதிதாக ஒரு வரி சேர்க்கப் போகிறார்களாம். அந்த வரிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, அது உங்களுக்குத்தான் தெரியும் என்கிறார்கள், அவசரமில்லை, ஆறுதலாக எழுதித் தருவீர்களா என்று இளம் விரிவுரையாளர் ஒருவர் கேட்டிருந்தார். ஆறுதலாக ஒரு வேலையைச் செய்ய எனக்கு எப்போது வந்தது? அன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன்.

நான் அங்கே தட்டச்சு செய்யத்தான் போனேன். சர்வதேச உறவு, சட்டம், உலக அறம் மூன்றையும் ஒன்றாகப் படிக்கிற முதுமாணிப் படிப்பு. பெயரைக் கேட்டால் கண்ணாடிக் கட்டடம் ஒன்று மனதில் வரும். இருந்ததோ வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகும் வாடகை வீடு. முன் விறாந்தை வகுப்பறை, சாப்பாட்டறை நூலகம், குசினிக்குப் பக்கத்து அறை என் அலுவலகம். கரையோர ரயில் வந்தால் விரிவுரையாளர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நாடுகளின் இறைமை ரயில் போகும்வரை காத்திருக்கும். உலகப் பட்டினி பற்றிய கருத்தரங்குக்கு எத்தனை ரோல்ஸ், எத்தனை பற்றீஸ் என்று கடைக்குச் சொல்வதும் என் வேலைதான். எவ்வளவு சொன்னாலும் போதாமல்தான் போகும்.

தட்டச்சிலிருந்து மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பிலிருந்து பேட்டிகளில் உரைபெயர்ப்பு, பிறகு அறக் குழுவின் செயலாளர் என்று வருடங்கள் ஓடிவிட்டன. மூன்று மொழியும் தெரிந்த ஆள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான், அதுதான் என் தகுதி. அறக் குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மாணவர் மனிதர்களிடம் போய்க் கேள்வி கேட்டு ஆய்வு செய்யப் போகிறார் என்றால், அதனால் அந்த மனிதர்களுக்குத் தீங்கு வராது என்று ஐந்து பேர் கூடிப் பார்த்து அனுமதி கொடுக்க வேண்டும். அந்த ஐவருக்கும் தலைவி நூர் மேடம்.

மேடம் கொம்பனித்தெருவில் பிறந்து வளர்ந்து, வெளிநாட்டில் சட்டம் படித்து, திரும்பவும் கொம்பனித்தெருவுக்கே வந்தவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். அதற்குப் பிறகு எதிரில் நிற்பவர் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கத் தொடங்குவார். கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். நான் முதன்முதலில் மொழிபெயர்த்த சம்மதப் பத்திரத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. 'மேற்குறித்த ஆய்வில் தன்னார்வத்துடன் பங்குபற்ற இத்தால் இணக்கம் தெரிவிக்கின்றேன்' என்று தொடங்கி இரண்டு பக்கம். மேடம் கடைசி வரி வரை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

“சாந்தி, இத மார்க்கட்டுக்குக் கொண்டு போங்க,” என்றார். “மீன் விக்கிற ஆளுக்கு வாசிச்சுக் காட்டுங்க. அவருக்கு வெளங்கினா நான் சைன் வெக்கிறேன்.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நின்றேன். எழும்பிப் போய்க் குடையை எடுத்து வந்து என் கையில் தந்தார். வெள்ளவத்தைச் சந்தையில் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் முதல் பந்தியை வாசித்தேன். அவர் வெட்டுவதை நிறுத்தாமல், வீட்டு வழக்கா காணி வழக்கா அக்கா என்று கேட்டார். திரும்பி வந்து அந்த இரண்டு பக்கத்தையும் ஐந்து வரியாக எழுதினேன். கடைசி நாள் வரை அந்த ஐந்து வரிதான் இருந்தது.

வாசித்தால் மட்டும் போதாது என்பது மேடத்தின் சட்டம். நான் வாசித்து முடித்ததும், பேட்டி கொடுக்க வந்தவர் தனக்கு விளங்கியதைத் தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். அதையும் பதிவு செய்வோம். சொல்ல வராவிட்டால் மறுபடி வாசிப்பேன். மூன்றாம் தரமும் வராவிட்டால் தேநீர் கொடுத்து வழியனுப்ப வேண்டியதுதான், கையெழுத்து வாங்கக்கூடாது. எத்தனை மாணவர்கள் இதற்காக என்னோடு முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். குரல்கள் இறுவட்டில், சீடியில்தான், எண் மட்டும் போட்டு, ஓர் அலுமாரியில் இருக்கும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் மற்ற அலுமாரியில். ஒன்றின் திறப்பு மேடத்திடம், மற்றது என்னிடம். ஆய்வு ஏற்கப்பட்டு ஐந்து வருடம் முடிந்தால் இரண்டையும் அழிப்போம். மாணவர், மேடம், நான், இந்த மூவரைத் தவிர வேறு எவரும் கேட்கமாட்டார்கள். பிரதி எடுக்கமாட்டோம். இதெல்லாம் அந்த ஐந்து வரிக்குள் இருந்த வாக்கு.

இனிப் பதினேழாம் இலக்கம். அவருடைய பெயரை இங்கேயும் எழுதமாட்டேன். அவருக்கு நாங்கள் கொடுத்த வாக்கு இன்னும் செல்லும். முகத்துவாரத்துக்காரர், கடல் தொழில். யுத்த காலத்தில் ஒரு காலை கொச்சிக்கடைப் பக்கம் வேலைக்குப் போன அவருடைய ஒரே மகன் திரும்பி வரவில்லை. காணாமல் போனவர்களின் குடும்பங்கள் சட்டத்திடம் உண்மையில் எதைக் கேட்கின்றன, தண்டனையையா, பதிலையா என்று ருவனி என்ற சிங்கள மாணவி ஆய்வு செய்தாள். தமிழ்க் குடும்பங்களின் பேட்டிகளுக்கு நான்தான் உரைபெயர்ப்பு. பதினேழாமவர் மடிப்புக் கலையாத வெள்ளைச் சேர்ட்டோடு, சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே வந்து வாசலில் நின்றார். இரண்டு மணித்தியாலம் பேசினார். நடுவில் ஓரிடத்தில், இது வீட்டில் மனைவிக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, மகனைப் பற்றி ஒரு விஷயம் சொன்னார். அது என்னவென்று எழுதமாட்டேன். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு தகப்பன் தனியாகத் தெரிந்துகொண்டு, தனியாகவே வைத்திருந்த விஷயம். அதை ருவனிக்குச் சிங்களத்தில் சொல்லும்போது என் குரலும் சரியாக வரவில்லை.

ருவனியின் ஆய்வு ஏற்கப்பட்டது. அவள் வெளிநாட்டுக்குப் படிப்பிக்கப் போய்விட்டாள். அதற்கு அடுத்த வருடம் ஒரு முற்பகல், கறுப்புச் சேலை கட்டிய ஓர் அம்மா என் அறை வாசலில் வந்து நின்றார். பதினேழாமவரின் மனைவி. அவரை மேரி அக்கா என்று சொல்லிக்கொள்கிறேன். முகத்துவாரத்தில் மேரி இல்லாத வீடு குறைவு, அதனால் ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது. தன் புருசன் இங்கே வந்து கதைத்ததாகவும், அந்தப் பதிவைக் கேட்க வேண்டும் என்றும் சொன்னார்.

அப்போது நான் செய்த காரியத்தை எங்களைப் போல வேலை செய்தவர்கள்தான் செய்வார்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அப்படி ஒருவர் இங்கே வந்தாரா வரவில்லையா என்று சொல்லக்கூட எனக்கு அனுமதி இல்லை என்றேன். விதியில் அப்படித்தான் இருந்தது. மேரி அக்கா கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து என் மேசையில் விரித்தார். பங்குபற்றியவருக்கு நாங்கள் கொடுக்கும் சம்மதப் பத்திரப் பிரதி.

“இது அவர்ட கையெழுத்துத்தானே மிஸ்?”

அதற்குக் கீழே சாட்சியாக இருந்தது என் கையெழுத்து. மேரி அக்காவுக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“அவர் செத்து முப்பத்தோராம் நாள் பூசையும் முடிஞ்சுது மிஸ்,” என்றார். “வீட்டில அவர்ட படம் இருக்கு, சேர்ட் இருக்கு. குரல் மட்டும் ஒண்டிலயும் இல்ல. காதுக்குள்ள வருது, பிடிக்கப் போனா மறையுது. ஒருக்காக் கேட்டாப் போதும்.”

மேடம் தன் அறையிலிருந்து இதையெல்லாம் கேட்டிருக்க வேண்டும். வெளியே வந்து, நாற்காலியை இழுத்து மேரி அக்காவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, இப்போது ஓம் என்றும் சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன், குழுவைக் கூட்டிப் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். மேரி அக்கா போன பிறகு என்னைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார். அந்த ஒரு தரம்தான் என் பக்கம் பார்த்துக் கழற்றியது.

குழு மூன்று தரம் கூடியது. அறிக்கை எழுதியது நான். தத்துவம் படிப்பித்த ஐயா, இறந்தவருக்குக் கொடுத்த வாக்கு உயிரோடு இருப்பவருக்குக் கொடுத்ததைவிடக் கனம் கூடியது, ஏனென்றால் அவரால் வந்து மாற்றிச் சொல்ல முடியாது என்றார். சட்டத்தரணி ஒருவர், புருசனின் வள்ளமும் வலையும் மனைவிக்குச் சேரும்போது குரல் மட்டும் ஏன் சேராது என்று கேட்டார். இரண்டும் சரியாகவே பட்டது. வகுப்பில் என்றால் இருவருக்கும் கைதட்டிவிட்டுப் பற்றீஸ் சாப்பிடப் போயிருப்போம். இங்கே முகத்துவாரத்தில் ஒரு மனுசி பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்டால் அவருக்கு மன வேதனை வருமா என்று ஐயா என்னிடம் கேட்டார். வரும் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று சொன்னதாகிவிடும். வராது என்றால் பொய். நான் பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு விளங்கிவிட்டது. அனுமதி இல்லை என்று முடிவாயிற்று.

அந்த முடிவைத் தட்டச்சு செய்ய என்னால் முடியவில்லை. 'பேட்டியின் எந்தப் பகுதியையும்' என்று அடித்துவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். பேட்டி எங்கே தொடங்குகிறது? ருவனி முதல் கேள்வியைக் கேட்கும்போது. அதற்கு முன்னால் பதினேழாமவர் பத்திரத்தைத் திருப்பிச் சொல்கிறாரே, அது பேட்டி இல்லை. நடைமுறை. அதை ஆய்வில் யாரும் எடுக்கவில்லை, அதில் இரகசியம் ஒன்றும் இல்லை. அறிக்கையை அப்படியே விட்டுவிட்டு மேடத்திடம் ஓடினேன்.

“அதுல என்ன செல்லிருக்கார்?” என்று கேட்டார். எனக்கு ஞாபகமிருந்த வரை சொன்னேன். மேடம் சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு குழுவில் இருந்த மற்ற நால்வரையும் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தார். எல்லோரும் சம்மதித்தார்கள். பிரதி இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, ஆனால் அழிக்கும் நாள் வரை எந்த வேலை நாளிலும் வந்து அந்தத் துண்டை மட்டும் கேட்கலாம்.

மேரி அக்கா வந்த அன்று, இரண்டு ரயிலுக்கு இடைப்பட்ட நேரமாகப் பார்த்து வைத்தேன். காதில் போடும் கருவியைக் கண்டதும், ஒலிவாங்கியா என்று பயந்தார். இது கேட்பதற்குத்தான் அக்கா என்று சொல்லி நானே போட்டுவிட்டேன். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. அந்தத் துண்டு எனக்கு மனப்பாடம், இரகசியமும் இல்லை என்பதால் எழுதுகிறேன்:

“என்ர பேர் ஒண்டிலயும் வராது. இந்தப் பிள்ளை கேக்கிறதுக்குத் தெரிஞ்சதச் சொல்லுவன். விருப்பமில்லாட்டி எழும்பிப் போகலாம், ஒருத்தரும் கோவிக்க மாட்டாங்க. மகனத் தேடித் தருவம் எண்டு இவங்க சொல்லேல்ல, அதையும் விளங்கிக்கொண்டனான். அஞ்சு வருசத்தில எல்லாத்தையும் அழிச்சிடுவாங்க. சரியோ மிஸ்? பிழையெண்டாச் சொல்லுங்கோ, நான் அஞ்சாம் வகுப்போட விட்டனான். சரி, கேளுங்கோ. மூண்டு மணிக்கு முன்னம் விட்டா நல்லம். வீட்டில பாத்துக்கொண்டு இருப்பா.”

நடுவில் இரண்டு தரம் இருமல். மேரி அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசி வரியில் மட்டும் கண்ணைத் திறந்தார். மூன்று தரம் கேட்டுவிட்டு, ஒலிவாங்கி என்று அவர் சொன்னதைத் தானே கழற்றி மேசையில் வைத்தார். மிச்சத்தைக் கேட்கவில்லை. எங்கள் ஐவர் குழு மூன்று கூட்டம் பயந்த கேள்வியை அவர் கேட்கவே இல்லை.

பிறகு மாதத்துக்கு ஒரு தரமாவது வருவார். மழை நாட்களில் இடைவெளி கூடும். ஒரு தரம் கருவாட்டுப் பொட்டலம் ஒன்று கொண்டுவந்தார். அன்பளிப்பு வாங்கக் குழுவின் விதி இடம் கொடுக்காது அக்கா என்றேன். அப்ப குழுவுக்கே குடுங்கோ என்றார். மேடம் கேட்டுவிட்டு அறைக்குள்ளிருந்து சிரித்த சிரிப்பு இப்போதும் எனக்குக் கேட்கிறது. சில நாட்களில் மேடமும் வந்து பக்கத்தில் இருப்பார். இரண்டு பேரும் பிள்ளைகளைப் பற்றி, பஸ்ஸில் இருக்க இடம் கிடைக்காததைப் பற்றிக் கதைப்பார்கள். நான் தேநீர் ஊற்றுவேன். அந்த அறையும், கடல் காற்றில் படபடக்கும் அந்தக் காகிதங்களும், அவர்கள் இருவரும் ஒன்றாக இருந்த அந்தப் பகல்களும் எனக்கு வேண்டும் போலிருக்கிறது. எத்தனையோ நல்ல நாட்கள் எனக்கு இருந்தன. திரும்பத் தருவதென்றால் இந்த நாட்களைத்தான் கேட்பேன்.

மேடம் நோயில் விழுந்து, ஒரு வருடத்துக்குள் போய்விட்டார். அவருடைய அலுமாரித் திறப்பைப் புதிய தலைவரிடம் கொடுத்தபோது, என் கையைவிட்டு அது போகவில்லை. அவரே மெல்ல இழுத்தெடுத்தார். மேடத்தின் குரலும் ஒன்றிலும் இல்லை. அத்தனை வருடம் மற்றவர்களின் குரலைப் பதிவு செய்த எனக்கு, பக்கத்து அறையில் இருந்தவரைப் பதிய வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. மேரி அக்காவுக்கு அதைச் சொன்னேன். அவர் என் முதுகைத் தடவினார்.

ஐந்து வருடம் முடிந்தது. அழிக்கும் நாளை மேரி அக்காவுக்கு முன்கூட்டியே அறிவித்திருந்தேன். அதற்கு முதல் வாரம் முழுக்க என் கைத்தொலைபேசி மேசையில்தான் கிடந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், இரண்டு நிமிடம் நாற்பது விநாடி என்னிடம் வந்துவிடும், ஒருவருக்கும் தெரியாது. நான் செய்யவில்லை. செய்திருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மேரி அக்கா வந்து கடைசித் தரம் கேட்டார். புதிய தலைவர் முன்னால் நான் இறுவட்டைக் கத்தரித்தேன். நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது, துண்டுகள் சுவரில் போய்த் தெறித்தன. பட்டியலையும் கிழித்தேன். மேரி அக்கா கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். அவர் அப்பிடித்தானே சொல்லிவிட்டுப் போனவர், அஞ்சு வருசம் எண்டு, என்று மட்டும் சொன்னார்.

காலி வீதி வரை அவரோடு நடந்து போனேன். வெயில் கொளுத்தியது. புறக்கோட்டை பஸ்ஸுக்காக நின்றோம். வேலை முடிந்துவிட்டது, இனி அவர் இங்கே வர ஒரு காரணமும் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு பஸ்களை அவர் விட்டார். பிறகு வீதியைப் பார்த்தபடியே கேட்டார்.

“மிஸ், அவர் என்ன சொன்னார் எண்டு எனக்கு வேணாம். எனக்குச் சொல்லாம வச்சிருந்தவர் எண்டா அது எனக்காகத்தான் இருக்கும். ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. அண்டைக்கு அங்க இருந்து அவர் அழுதவரோ?”

உரைபெயர்ப்பாளராக நான் வைத்த கையெழுத்து, வேலை முடிந்தாலும் முடியாதது. பேட்டியில் நடந்த எதையும், ஒரு சொல்லையும், ஒரு அசைவையும் வெளியில் சொல்லமாட்டேன் என்பதுதான் அது. இருபத்தேழு வருடத்தில் ஒரு தரமும் மீறியதில்லை. மேடம் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். மூன்றாவது பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது.

“ஓம் அக்கா,” என்றேன். “கனநேரம் அழுதவர்.”

மேரி அக்கா தலையை ஆட்டினார். முகம் இளகிவிட்டது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, பஸ்ஸை மறிக்கக் கையை நீட்டினார்.

“நல்லம் மிஸ்,” என்றார். “மகன் போனதில இருந்து வீட்டில ஒருநாளும் அழேல்ல அவர், என்னத் தேத்திக்கொண்டே இருந்தார். எங்கயாச்சும் போய் அழுதிருக்க வேணுமே எண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டு இருந்தனான்.”